‘தமிழ்ப் படம் 2’ முதற் படத்தை விஞ்சவில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழின் சினிமாப் பக்கத்தில், நகைச்சுவைப் படங்களின் இரண்டாம் பாகங்கள் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை விருப்புடன் வாசித்தேன். சி. எஸ். அமுதன் இயக்கி 2018 யூலையில் வெளிவந்த ‘தமிழ்ப் படம் 2’, அதே இயக்குநரும் அதே நாயகன் சிவாவும் 2010 ஜனவரியில் தந்த முதற் படமான ‘தமிழ்ப் படம்’ என்ற கேலிப் படத்தைவிடச் செலவிலும் வேகத்திலும் கேலிகளின் தொகையிலும் மிஞ்சி நிற்பதால் அதுவே மேலான படம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். செலவையும் வேகத்தையும் தொகையையும் நான் மறுக்கவில்லை. அவற்றைக் கொண்டு அவர் வந்தடைந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு படங்களையும் இலங்கையின் வடக்கில் வன்னியில் இருந்துகொண்டு பார்த்தவன் என்ற வகையில் என் காரணங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க இடம் தருமாறு வேண்டுகிறேன்.

முதற் படம் எதைக் கேலி செய்தது என்பதை மறந்துவிட்டு இரண்டாவதை எடைபோட முடியாது. சினிமாப்பட்டி என்ற கிராமத்தில், பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் ஊற்றும் வழக்கத்தோடு கதை தொடங்குகிறது. 1994 இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ பெண் சிசுக்களுக்காக நம்மை அழவைத்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தலைகீழ் மாற்றம் உடனே பிடிபடும். பரவை முனியம்மா நடித்த பாட்டி அந்தக் குழந்தையைக் காப்பாற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய் வளர்க்கிறாள். மிதிவண்டியின் மிதி சுழலச் சுழலச் சிறுவன் இளைஞனாகிவிடுகிறான். பெண்ணின் தந்தை ஏழை என்று இகழ்ந்தவுடன் நாயகன் சபதம் செய்து, ஒரு பாட்டு முடிவதற்குள் கோடீஸ்வரனாகிறான். முகம் காட்டாமலே நகரத்தை ஆட்டிவைக்கும் ‘டி’ என்ற தாதா யாரென்று கடைசியில் பார்த்தால், அது நாயகனை வளர்த்த பாட்டியேதான். இவை எல்லாம் தமிழ்ச் சினிமா பல பத்தாண்டுகளாகக் கைவிடாத பழக்கங்கள். 1992 இல் ‘அண்ணாமலை’யில் பால்காரர் ஒருவர் ஒரு பாட்டுக்குள் செல்வந்தரானபோது நாம் கைதட்டினோம், பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே வகைப் பாட்டைச் சற்றும் கண் சிமிட்டாமல் சிவா நடந்து கடந்தபோதுதான் நாம் எதற்குக் கைதட்டியிருந்தோம் என்பது நமக்கே விளங்கியது.

‘ஓ மகசீயா’ என்ற பாடலை இவ்விடத்தில் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் முதற் படத்தின் முழுத் திறமையும் அந்த ஒரு பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. முந்திய தமிழ்ப் பாடல்களில் பொருள் எதுவுமின்றி, மெட்டை நிரப்புவதற்காகவே வந்துபோன சொற்களைப் பொறுக்கியெடுத்து அடுக்கி, அவற்றை மட்டும் கொண்டே ஒரு காதற் பாட்டு ஆக்கியிருக்கிறார்கள். அதை ஹரிஹரன் முழுக் கனிவோடு பாடுகிறார். இசையமைப்பாளர் கண்ணன் மெட்டில் எந்தக் கோணங்கித்தனமும் செய்யவில்லை. படமாக்கிய விதமும் எந்த ஒரு பெரிய படத்தின் காதற் பாட்டுக்கும் குறைந்ததன்று. சொற்களைக் கவனிக்காமல் கேட்டால் உண்மையிலேயே இனிய பாட்டு. இப்படித் தன் கேலியைத் தானே விளம்பரப்படுத்தாமல், கேலிக்கு உள்ளாகும் பொருளை அதற்குரிய மரியாதையோடு செய்து காட்டுவது எளிதான காரியம் அன்று. இரண்டாம் பாகத்தில் இந்தப் பொறுமை குறைந்துவிட்டது என்பதே என் முறைப்பாடு.

முதற் படமும் குறிப்பிட்ட படங்களைத்தானே கிண்டல் செய்தது என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். அது உண்மைதான். மனோபாலா, எம். எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி ஆகிய மூவரும் நகுல், பரத், சித்தார்த் என்ற பெயர்களோடு நாயகனின் இளம் நண்பர்களாக வருவது, அந்தப் பெயர்களையுடைய இளைஞர்கள் நடித்து 2003 இல் வந்த ‘பாய்ஸ்’ படத்தின் மீதான நேரடிக் குத்து. ஆனால் ‘பாய்ஸ்’ படத்தைப் பார்த்திராத ஒருவரும் அந்தக் காட்சியில் சிரிப்பார். தலை நரைத்தவர்கள் கையில் ஒரு கொப்பியோடு கல்லூரி வாசலில் நிற்பதை எம்.ஜி.ஆர். காலம் தொட்டு நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை அதன் எல்லைவரை இழுத்துச் சென்றதே அங்கே நகைச்சுவை. மூலப் படத்தைக் கழித்த பிறகும் காட்சி தன் காலில் நிற்கிறதா என்று பார்த்தால், முதற் படத்தின் பெரும்பாலான காட்சிகள் நிற்கின்றன.

இதை நான் வன்னியை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் இங்கே வாழ்ந்தவர்கள் தமிழ்ச் சினிமாவை வரிசையாகப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். பொருளாதாரத் தடை இருந்தது, மின்சாரம் இருக்கவில்லை. வாடகை டெக்கும் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் மின்பிறப்பாக்கியும் கிடைத்த இரவுகளில், தணிக்கை செய்து கத்தரிக்கப்பட்ட நிலையில் வந்துசேர்ந்த ஒருசில படங்களைத்தான் பார்த்தோம். 2002 இல் வன்னியூடாகச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை மீண்டும் திறந்த பின்னரே இறுவட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. அதற்குள் எத்தனையோ படங்கள் எங்களைத் தாண்டிப் போயிருந்தன. முதற் படம் தமிழகத்தில் வெளிவந்த நாட்களில் எங்களிற் பலர் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான மெனிக் பாம் முகாமில் இருந்தனர். ஆகவே மீளக்குடியமர்ந்த பிறகு, தகரக் கொட்டில்களுக்குள் இறுவட்டில்தான் அதைப் பார்த்தோம். அது கிண்டல் செய்த படங்களிற் பாதியைப் பார்த்திராதவர்களும் கூட இருந்து சிரித்தார்கள். நாயகனின் தங்கைக்கு என்ன நடக்கும், நண்பனுக்கு எந்த இடத்தில் வெடி விழும், பொலிஸ் எப்போது வந்துசேரும் என்பதை அறிய எந்தப் படத்தையும் குறிப்பாகப் பார்த்திருக்கத் தேவையில்லை. ஏதாவது நாலு படங்களைப் பார்த்திருந்தால் போதும். பத்தாண்டு காலம் சினிமாவை விட்டு விலகியிருந்தவர்களுக்கும் விளங்குகிற கேலி, அந்தப் பத்தாண்டிலும் சினிமா மாறவில்லை என்பதற்குச் சாட்சி.

மிதிவண்டிக் காட்சிக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் தமிழகத்திலும் கிடைத்திராத ஒரு சிரிப்புக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பிள்ளைகளைக் கொண்டு மிதியைச் சுழற்றுவித்து, டைனமோவில் வானொலிச் செய்தியும் நாடகமும் கேட்ட தலைமுறை இது. மிதியைச் சுற்றினால் பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று படம் சொன்னபோது, சுற்றிச் சுற்றியே வளர்ந்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கொட்டில்களுக்குள் இருந்தார்கள் என்று அமுதனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். அது சோம்பேறித்தனமாக எடுக்கப்பட்ட படம் அன்று. முதற் படத்தில் நாயகன் கைப்பிடித்த பிரியாவை, அதே நடிகை திஷா பாண்டேயைக் கொண்டுவந்து, தொடக்கத்திலேயே குண்டு வெடிப்பில் கொன்றுவிடுகிறார்கள். இரண்டாம் பாகம் என்றாலே முதற் பாகத்தின் மனைவி இறக்கவேண்டும், நாயகன் தாடி வளர்க்கவேண்டும், பழிவாங்கவேண்டும் என்ற சினிமா விதியை அது ஒரே வீச்சில் பிடித்துவிட்டது. இந்த இடத்தில் அது முதற் படத்துக்கு நிகரானது என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். அதேபோல் ‘எவடா உன்னப் பெத்தா’ என்ற பாட்டு, காதலில் தோற்ற ஆண்கள் மதுக்கடையில் இருந்து பெண் குலத்தையே திட்டுகிற பாட்டுகளைப் பெண்ணின் வாயில் வைத்துத் திருப்பிப் பாடவைக்கிறது. அந்தப் பாட்டு வகை இருக்கும்வரை இந்தக் கேலியும் இருக்கும். வில்லன் ‘பி’யாகப் பல வேடங்களில் வரும் சதீஷ் தன் பங்கைக் குறைவின்றிச் செய்திருக்கிறார். சிவாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; முகத்தில் ஒரு தசையையும் அசைக்காமல், தன்னைச் சுற்றி நடக்கும் எந்த அபத்தமும் தனக்கு அபத்தமாகப் படவில்லை என்ற பாவனையோடு நிற்கும் கலை எட்டு ஆண்டுகளில் அவரிடம் இன்னும் பண்பட்டிருந்தது.

ஆனால் படத்தின் பெரும்பகுதி வேறொரு நிலத்தில் நிற்கிறது. 2017 இல் வந்த ‘விவேகம்’ முதலாக அதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஓடிய பெரிய நாயகர்களின் படங்களிலிருந்து அடையாளம் தெரிகிற காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அப்படியே அமைத்து, இறுதியில் ஒரு திருப்பத்தை வைக்கிறது. அத்தோடு தமிழகத்தின் அன்றைய அரசியற் செய்திகளும் சேர்ந்துகொள்கின்றன. 2017 பெப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதாவின் நினைவிடத்தில் கண்ணை மூடித் தியானம் செய்தது படத்தின் விளம்பரத் தட்டியிலேயே கேலிப் பொருளானது. அன்றைக்கு அதைப் பார்த்து நானும் சிரித்தேன். சென்னைச் செய்தி கிளிநொச்சிக்கு வந்துசேர அதிக நேரம் பிடிப்பதில்லை. இப்போது அதே தட்டியை இங்குள்ள ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் காட்டினால், முதலில் பன்னீர்செல்வம் யார் என்பதையும், பிறகு அவர் ஏன் அங்கே போய் இருந்தார் என்பதையும், அதற்கும் முன்னால் சசிகலா யார் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போன தேநீராகிவிடும்.

என் பெறாமகளின் பிள்ளைகள் இருவருக்கும் விடுமுறையில் இரண்டு படங்களையும் போட்டுக் காட்டினேன். முதற் படத்தின் போது அவர்கள் என்னைக் கேள்வி கேட்கவில்லை. இரண்டாவதில் சிரித்த இடங்கள் அதிகம்தான், ஏனென்றால் அந்த நாயகர்களின் படங்களைக் கைத்தொலைபேசியில் பலமுறை பார்த்தவர்கள் அவர்கள்; ஆனால் மூலப் படத்தைப் பார்த்திராத இடங்களில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன், “இது எந்தப் படம்?” என்று கேட்டுவிட்டு, அந்தப் படத்தைத் தேட ஆரம்பித்துவிட்டான். இளைஞர்களுக்கு இரண்டாம் பாகமே பிடிக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியது இந்த வகையில் உண்மை. பிடிப்பது படமா, அல்லது தான் பார்த்த படத்தை இன்னொரு படத்துக்குள் அடையாளம் காண்கிற மகிழ்ச்சியா என்பதை மட்டும் அவர் கேட்டிருக்கலாம்.

இந்த மாற்றத்துக்கு இயக்குநரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. குறிப்பிட்ட ஒரு படத்தை எடுத்து அரை மணி நேரத்துக்குக் கிண்டல் செய்யும் வித்தையை 2000களின் நடுப்பகுதியில் விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ முழுமையாகச் செய்து காட்டிவிட்டது. முதற் படம் அந்தத் தொலைக்காட்சி முறையிலிருந்து விலகி, தமிழ்ச் சினிமா என்ற முழுப் பொருளையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்ததால்தான் அது புதிதாகத் தெரிந்தது. 2010 இல் அப்படியொரு முழுநீளக் கேலிப் படம் தமிழில் வேறு இருக்கவில்லை. எட்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஒரு படத்தின் முன்னோட்டம் வெளிவந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கேலி செய்யும் மீம்கள் முல்லைத்தீவில் இருக்கும் பெடியனின் கையிலும் வந்து விழுகின்றன. ஒரு காட்சியை வெட்டி, வடிவேலுவின் முகத்தை ஒட்டி, நாலு சொல் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆண்டுக்கணக்கில் எழுதிப் படமாக்கி வெளியிடும் ஒரு படம் அந்த வேகத்தோடு போட்டியிட முடியாது. போட்டியிட முயன்றதுதான் ‘தமிழ்ப் படம் 2’ செய்த பிழை. எழுதத் தொடங்கும்போதே மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்ட பகிடிகளை அது திரையில் மீண்டும் சொல்ல நேர்ந்தது. முதற் படத்தின் முறையைக் கைவிடாமல், 2010 க்குப் பின் தமிழ்ச் சினிமாவில் புதிதாக ஊன்றிய பழக்கங்களைத் தேடியிருந்தால் எவ்வளவோ கிடைத்திருக்கும். விவசாயியைக் காப்பாற்ற வெளிநாட்டிலிருந்து இறங்கும் நாயகன், பேய்க்கு ஒரு துயரக் கதை வைத்து அழவைக்கும் இரண்டாம் பாதி, நாயகனின் பெயருக்கு முன்னால் நீண்டுகொண்டே போகும் பட்டம், இவை அனைத்தும் அறுவடைக்கு ஆயத்தமாக நின்றவை.

மற்ற இரண்டாம் பாகங்களைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியவற்றில் எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. சுந்தர் சி.யின் ‘கலகலப்பு’ இரண்டுக்கும் இடையில் பெயரையும் குழப்பத்தையும் தவிரக் கதைத் தொடர்பு கிடையாது. 2012 ஆம் ஆண்டுப் படத்தில் கும்பகோணத்தில் நொடித்துப்போன பழைய உணவுக் கடை ஒன்று இருந்தது. அதை எப்படியாவது ஓடவைக்கவேண்டும் என்ற தேவை விமலுக்கு இருந்தது. அந்தத் தேவையைச் சுற்றித்தான் சந்தானமும் சிவாவும் அஞ்சலியும் ஓவியாவும் ஓடினார்கள். 2018 இல் கதை காசிக்குப் போனது, ஆட்கள் கூடினார்கள், கடைக்கு ஈடான ஒன்று அமையவில்லை. ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ வேறு வகை. 2006 இல் சுராஜ் இயக்கிய ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலுவின் நாய் சேகர் கதையின் ஓரத்தில் வந்து போகிறவர். தன்னை ரவுடி என்று யாரும் நம்பமாட்டேன் என்கிறார்களே என்ற அவருடைய ஒரே கவலையை, அதில் நாயகனாக நடித்த சுந்தர் சி.யின் உண்மையான அடிதடிக்குப் பக்கத்தில் வைத்தபோது அது ஒளிவிட்டது. ‘நானும் ரவுடிதான்’ என்று பரந்தன் சந்தியில் நின்று சொல்லாத பெடியன் இல்லை. 2022 இல் அதே இயக்குநர் அவரை நடுவில் நிறுத்தி, காணாமற்போன அதிர்ஷ்ட நாய் ஒன்றைத் தேட அனுப்பினார். பக்கத்தில் உண்மையான ரவுடி இல்லாதபோது போலி ரவுடி யாரோடு ஒப்பிடப்பட்டுச் சிரிப்பை வரவழைப்பார்? ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யின் அடுத்த பாகம் தொடங்கியும் முடிவடையாமற் போனதை எண்ணி நான் கவலைப்படவில்லை என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

கட்டுரை முழுவதும் தமிழகத்துப் படங்களோடு நின்றுவிட்டது ஒரு குறை. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடர் நாடகமாக வளர்ந்து, 1976 இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாக வந்ததை இன்றைய இளம் வாசகர்கள் அறியமாட்டார்கள். எஸ். ராம்தாஸின் மரிக்கார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரனின் உபாலி, பி. எச். அப்துல் ஹமீதின் ஐயர் ஆகிய நால்வரும் ஒவ்வொருவர் ஒவ்வொரு பேச்சு வழக்கில் பேசி, ஒருவரை ஒருவர் பிழையாக விளங்கிக்கொள்வதிலேயே அந்த நாடகம் முழுதும் ஓடியது. இரண்டு ஆண்டுகளின் பின் ராம்தாஸின் எழுத்தில் ‘ஏமாளிகள்’ வந்தது. அது முன்னையதன் தொடர்ச்சி அன்று. ஆயினும் பார்க்கப் போனவர்கள் மரிக்காரையும் அப்புக்குட்டியையும் எதிர்பார்த்துத்தான் போனார்கள், இன்றும் இங்குள்ள மூத்தவர்கள் முதலாவதைப் பற்றியே கதைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சும் கொழும்பு முஸ்லிம் பேச்சும் சிங்களம் கலந்த தமிழும் அன்றாடம் காதில் விழுந்த மக்களுக்கு ‘கோமாளிகள்’ எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வகையில் அது 2010 ஆம் ஆண்டுப் படத்துக்கு மூத்த உறவு.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் பாகங்கள் பற்றிச் சினிமாப் பக்கத்தில் இனி எழுதும்போது வசூலையும் செலவையும் மட்டும் ஒப்பிடாமல், முதற் பாகம் எதைப் பார்த்துச் சிரித்தது, அடுத்தது எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதையும் எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘கோமாளிகள்’, ‘ஏமாளிகள்’ ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து, அவற்றில் பங்கேற்று இன்றும் எம்மிடையே இருப்பவர்களின் நினைவுகளோடு ஒரு தொடர் வெளியிட முடியுமாயின், அதைச் சேர்த்து வைக்க வன்னியில் வாசகர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.